நடுவீட்டில் விரித்த ஜமக்காளம்

கணபதி, கோவை – 6
வியாழக்கிழமை

அன்பு மகன் பிரவின்குமாருக்கு உன் அம்மா கருப்பாத்தாள் எழுதிக்கொள்வது. நீயும் நவ்யாவும் சின்னக்குட்டி ஹர்ஷிணியும் அந்தக் குளிர் ஊரில் சுகமாக இருக்க மாரியாத்தாள் துணையிருக்கட்டும். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுதத்தான் கை போனது, ஆனால் எழுத மாட்டேன். சுகமாக இல்லை. உங்கப்பா முதுகில் புண் வந்துவிட்டது, எனக்குத் தூக்கம் போய்விட்டது, இரண்டுக்கும் காரணம் நீ. போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறக்கும் முன்னே அம்மா மீட்டிங் இருக்கு அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிடுகிறாய், வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் பாதி கேட்டுவிட்டுக் கட்டைவிரலைக் காட்டுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். உன் அக்கா ப்ரியா சாயங்காலம் வருவாள், பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். வரிசையாகப் படி, முழுசாகப் படி. நடுவில் விட்டுவிட்டு நவ்யாவிடம் அம்மா என்னமோ கோபமா இருக்காங்க என்று சொல்லிச் சிரிக்காதே. கோபமாகத்தான் இருக்கிறேன்.

மெர்சி எப்படி இந்த வீட்டுக்கு வந்தாள் என்று உனக்குத் தெரியும், நீதான் ஜெர்மனியில் இருந்தபடியே, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற காந்திபுரத்து ஏஜென்சிக்குப் பேசி ஏற்பாடு செய்தாய். உங்கப்பாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்து வந்து கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தபோது நான் முட்டி வலியோடு அவரைத் தூக்கவும் முடியாமல் போடவும் முடியாமல் அழுதுகொண்டு நின்றேன். அன்றைக்கு நீ செய்தது பெரிய உதவி, அதை நான் மறைக்க மாட்டேன். அன்னூரில் இருந்து ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள் அவள். முதல் நாளே உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஏனுங்கப்பா, எங்கப்பனும் உங்களாட்டத்தான் மொறைப்பாரு, எனக்கு மொறைப்பெல்லாம் பழக்கமுங்க, வாயைத் தொறங்க என்று சொல்லிக் கஞ்சியை ஊட்டிவிட்டாள். நான் கொடுத்தால் துப்புகிற மனிதர் அவள் கொடுத்ததைக் குடித்தார். பவுண்டரியில் உருக்கின இரும்பைத் தூக்கி ஊற்றின கை, இன்றைக்கு ஒரு டம்ளர் பிடிக்க முடியவில்லை. அந்த ஆத்திரத்தையெல்லாம் எங்கள் மேல் காட்டுவார், அவளிடம் மட்டும் அடங்கிப்போவார்.

பொங்கலுக்கு வந்தபோது நீ கேமரா மாட்டினாய். வயசானவங்க ரெண்டு பேரு இருக்கீங்க, எனக்கு அங்க நிம்மதி வேண்டாமா என்று கேட்டாய். நானும் சரி என்றேன், பேத்தி நினைத்தபோது எங்களைப் பார்க்கட்டுமே என்று. உள் அறையிலும் ஒன்று மாட்டப் போனபோதுதான் உங்கப்பா அந்தக் கோணின வாயாலேயே கத்தினார். என்னை அம்மணமாப் போட்டுக் கழுவி உடறதை அவன் ஆபீசுல உக்காந்து பார்க்கோணுமா என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு ஸ்டூலில் இருந்து இறங்கினாய். அதனால் நடுவீட்டில் மட்டும் ஒன்று. இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள். உன் கேமராவுக்கு நடுவீடு மட்டும்தான் தெரியும். உங்கப்பா கிடக்கிற அறை தெரியாது. ராத்திரி அந்த அறையில் அவரைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு வெந்துபோகும். துணி மாற்ற வேண்டும், சளி கட்டினால் நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தட்ட வேண்டும், சில நாள் பவுண்டரிக்கு நேரமாச்சு என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார், பிடித்து வைக்க வேண்டும். அத்தனையும் அவள்தான். அவள் ராத்திரியில் தூங்குவது கோழித்தூக்கம். நான் எழுந்து போனால், நீங்க போய்ப் படுங்கம்மா, நானிருக்கறனல்லோ என்று என்னை விரட்டிவிடுவாள்.

மத்தியானம் சோறுண்டுபோட்டு உங்கப்பா அசந்து தூங்குவார். அவளுக்கு என்று இருக்கிற நேரம் அது ஒன்றுதான். வந்த புதிதில் ஒரு நாள் அவளைக் காணோம் என்று தேடினால், பின்னாடி பொடக்காணியில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துச் சுருண்டு கிடக்கிறாள். எனக்கு மனசு பொக்குனு போய்விட்டது. இந்த மாதிரி இடத்தில்தான்டா நம் ஆட்களைப் படுக்கச் சொன்னார்கள். அன்னூர்ப் பக்கம் நிலக்காரப் பண்ணாடி ஒருத்தர் தோட்டத்தில் உங்கப்பா சின்னப் பையனாக வேலை பார்த்தபோது மாட்டுச் சாளைக்கு வெளியே, சாணிக் குழி ஓரத்தில், அதுவும் பண்ணாடி கண்ணில் படாமல் படுக்க வேண்டும். நம் வீட்டில் இதுவரைக்கும் யாரும் யாரையும் வேலைக்கு வைத்ததில்லை, வைத்தால் எப்படி நடத்த வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, எப்படி நடத்தக்கூடாது என்று மட்டும் நன்றாகத் தெரியும். எந்திரி அம்மணி, எங்கூட்டுக்கு வந்த புள்ளை பொடக்காணியில படுக்கறதா என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஒறம்பரை வந்தால் விரிப்பதற்காக வைத்திருக்கிற பவானி ஜமக்காளத்தை எடுத்து நடுவீட்டில், ஃபேனுக்கு நேர் கீழே விரித்தேன். ஆகாதுங்கம்மா, நடுவூட்டுலயா, யாராச்சும் வந்தா என்ன நெனப்பாங்க என்று அவள் எத்தனையோ நாள் மறுத்தாள். யாரு வந்தாலும் தாண்டிப் போகட்டும், நீ படு என்று நான்தான் அதட்டிப் படுக்க வைத்தேன். நான்தான். பிரவின், கேட்டுக்கொள், நான் சொல்லித்தான் அவள் படுத்தாள். உன் கேமராவுக்கு எதிரில் படுக்கிறோம் என்ற நினைப்பே எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. தப்புச் செய்கிறவர்கள்தானே கேமரா எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

நீ என்ன செய்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா. அம்மா, அந்தக்கா ஏன் மத்தியானம் படுத்திருக்காங்க என்று ஒரே ஒரு வார்த்தை. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு நாள் தவறாமல் பார்த்து, படம் பிடித்து, ஏஜென்சிக்கு அனுப்பினாய். அவர்கள் எனக்குப் போன் செய்யவில்லை, அவளுக்குச் செய்தார்கள். தலைமாட்டில் இருந்த போன் அடித்து, தூக்கத்தில் இருந்து எழுந்து, சரிங்க, சரிங்க, சரிங்க என்று மட்டும் சொன்னாள். நான் அடுப்படியில் இருந்து வருவதற்குள் ஜமக்காளத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். பையை எடுத்தாள். என்னடி ஆச்சு என்றால், வேற ஊட்டுக்கு மாத்திப்போட்டாங்கம்மா என்று பொய் சொல்லப் பார்த்தாள், நான் விடாமல் கேட்டதும் உள்ளதைச் சொல்லிவிட்டாள். விஷயம் தெரிந்ததும் நான், ஏண்டி, அம்மாதான் படுக்கச் சொன்னாங்கன்னு அவங்ககிட்டச் சொல்லித் தொலைக்கக்கூடாதா என்று கத்தினேன். என்னால உங்களுக்கும் உங்க மகனுக்கும் எதுக்குங்கம்மா சண்டை என்றாள். உங்கப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் முழித்தால் தன்னைப் போக விடமாட்டார் என்று அதற்கு முன்னால் போய்விட்டாள்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். அம்மா நீங்க இதுல தலையிடாதீங்க, டூட்டி டைம்ல தூங்கறது பிரொபஷனலா இல்லை, வேற ஆள் போடறேன் என்றாய். அந்த வார்த்தைக்கு அர்த்தம் ப்ரியாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு கோபம் இன்னும் அதிகமானது. வேறு ஆளும் வந்தாள். நீயும் கேமராவில் பார்த்திருப்பாய், பகலெல்லாம் நடுவீட்டில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தே இருந்தாள், கொட்டாவிகூட விடவில்லை. உனக்குத் திருப்தி. ராத்திரி உள் அறைக்குப் போனதும் கட்டையாட்டம் தூங்கினாள். உங்கப்பாவைப் புரட்டிப் போட ஆள் இல்லை. நான் என்னால் முடிந்த மட்டும் புரட்டினேன், முடியவில்லை, முதுகில் புண் வந்துவிட்டது. அந்தப் பெண்ணையும் நான் குறை சொல்ல மாட்டேன். மனுசப் பிறவி எங்கேயாவது ஒரு நேரம் தூங்கித்தானே ஆக வேண்டும், பகலில் நீ பார்க்கிறாய் என்று ராத்திரி தூங்கினாள். அவளை நான்தான் அனுப்பிவிட்டேன். புண்ணுக்கு மருந்து போட வந்த நர்ஸம்மா, இவ்வளவு நாள் தோல் கெடாம வெச்சிருந்தது யாருங்க என்று கேட்டார்.

நீ அனுப்பி வைத்தாயே ஒரு கடிகாரம், தூக்கத்தை அளக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மெர்சி இருந்தபோது தினமும் காலையில் உன் மெசேஜ் வரும், அம்மா ஸ்கோர் சூப்பர், நல்லாத் தூங்கியிருக்கீங்க, கடிகாரம் கட்டினதுக்கு அப்புறம் பழக்கம் மாறிடுச்சு பாருங்க என்று. அடேயப்பா, கடிகாரம் கட்டினால் தூக்கம் வருமா. அவள் முழித்திருந்தாள், நான் தூங்கினேன். அதுதான் உன் ஸ்கோர். அவள் போன அன்றைக்கே அது கீழே விழுந்தது. அப்போதாவது வீட்டில் என்ன ஆச்சு என்று கேட்பாய் என்று இருந்தேன். படுக்கும் முன்னால் போன் பார்க்காதீங்க, வெதுவெதுப்பாகப் பால் குடிங்க என்று அறிவுரை வந்தது. கழற்றி ஹர்ஷிணியின் விளையாட்டுச் சாமான் பெட்டியில் போட்டுவிட்டேன், வரும்போது எடுத்துக்கொள்.

இதற்கு நடுவில் ப்ரியா ஒரு வீடியோ காட்டினாள். உன் ஆபீசில் நீ மேடையில் நின்று பேசியது. ஆட்கள் மத்தியானம் படுத்து எழ ஓர் அறையே கட்டியிருக்கிறார்களாம், மெத்தென்று கட்டில், ஜன்னலுக்குத் திரை, உள்ளே யாரும் பேசக்கூடாதாம், அதற்கு முன்நின்றவன் நீதானாம். இங்கிலீஷில் பேசினாய், ப்ரியா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஓய்வு சோம்பேறித்தனம் இல்லை, அது மனுசனுக்கு உரிமை என்றாய். அப்புறம் என்னைப் பற்றி. என் அம்மா மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தாள், அவள் தூங்கி நான் பார்த்ததே கிடையாது என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தேதி என்ன என்று ப்ரியாவிடம் கேட்டேன். மெர்சியை நீ அனுப்பின அதே வாரம். ஊருக்குத்தான் உபதேசமடி பெண்ணே, உனக்கல்லடி என்று சும்மாவா சொன்னார்கள். என்ன வாய்டா உனக்கு. அம்மா தூங்கவில்லை என்று அங்கே அழுகிறாய், அம்மா வீட்டில் ஒருத்தி தூங்கினாள் என்று இங்கே வேலையைப் பிடுங்குகிறாய்.

தூக்கத்தைப் பெரிதாகப் பேசுவது தப்பு என்று நான் சொல்லவில்லை, நன்றாகக் கேள். எனக்கு அதில் சந்தோஷம்தான். எங்கள் காலத்தில் பகலில் கண் அசந்தால் மூதேவி என்பார்கள், மருமகள் என்றால் அவள் பிறந்த வீட்டையும் சேர்த்து இழுப்பார்கள். இன்றைக்கு எங்கள் தெரு டாக்டர் சர்க்கரைக்கு மாத்திரை எழுதும் முன்னே, நல்லாத் தூங்கறீங்களா என்று கேட்கிறார். அவினாசி ரோட்டில் எங்கே பார்த்தாலும் மெத்தைக் கடை, படுத்துப் பார்த்து வாங்கலாமாம். ப்ரியா இருக்கிற அபார்ட்மெண்டில், மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரை காலிங் பெல் அடிக்காதீர்கள், ஓய்வு நேரம் என்று பலகையே மாட்டிவிட்டார்கள். நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கினால், கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் ராமுலு வெயிலில் நின்றுகொண்டிருக்கிறார். உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறார் என்று, அந்தப் பலகை மாட்ட முடிவு செய்த மீட்டிங்கிலேயே அவருடைய நாற்காலியை எடுத்துவிட்டார்களாம். ப்ரியாவை அங்கேயே நிறுத்தி வைத்துத் திட்டினேன். அவள் போய்ச் செகரட்டரியிடம் சண்டை போட்டு நாற்காலியை வாங்கி வந்தாள். அவளுக்கு உடனே உறைத்தது. உனக்குத்தான் இத்தனை பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

நான் தூங்கி நீ பார்த்ததில்லை என்றாயே, ஏன் தூங்கவில்லை என்று உனக்குத் தெரியுமா. நீ கைக்குழந்தை. எனக்கு மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை. வீட்டில் நீ அழுவாய், மில்லில் மெஷின் அழும். நூல் அறுந்த இடத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றபடியே கண் சொருகும். எங்கள் மேஸ்திரி ஒருத்தர், செம்பில் தண்ணீரோடு பின்னாலேயே வருவார், எவள் தலை சாய்கிறதோ அவள் முகத்தில் சுளீர் என்று அடிப்பார். அடித்துவிட்டுச் சிரிப்பார், மற்றவர்களும் சிரிக்க வேண்டும், நானும் சிரித்திருக்கிறேன், வேறு வழி. ஈர ரவிக்கையோடு ஷிப்ட் முடித்து வந்து உனக்குப் பால் கொடுத்திருக்கிறேன். அந்த ஆள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, செத்துப்போனார் என்று கேள்விப்பட்டபோது ஐயோ பாவம் என்றுகூடச் சொல்லவில்லை. அவராவது எதிரில் வந்து நின்று அடித்தார். நீ கடல் தாண்டி இருந்துகொண்டு மெர்சி முகத்தில் அடித்தாய். இந்த வரியை நான் கோடு போட்டு அழிக்க மாட்டேன், நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

அவளைப் பார்க்க அன்னூருக்குப் போனேன். ப்ரியாவை அப்பாவுக்குக் காவல் வைத்துவிட்டு, கணபதியிலேயே அன்னூர் பஸ்ஸைப் பிடித்தேன், இந்த முட்டியோடு. வீட்டில்தான் இருந்தாள். வேறு வீடு கிடைக்கவில்லையா என்று கேட்டேன், தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய மகள், ப்ளஸ் டூ படிக்கிறது, அதுதான் போனை எடுத்து என் கையில் கொடுத்தது. நீ அனுப்பிய படத்தை ஏஜென்சிக்காரர்கள் தங்களிடம் வேலை பார்க்கிற பெண்கள் அத்தனை பேரும் இருக்கிற குரூப்பில் போட்டிருக்கிறார்கள். டூட்டியில் தூங்கினால் இதுதான் கதி என்று மேலே எழுதி. அங்கிருந்து சுற்றிச் சுற்றி அவர்கள் சர்ச் ஆட்கள் வரை வந்து, கடைசியில் அந்தப் பிள்ளையின் போனுக்கும் வந்திருக்கிறது. வாய் லேசாகத் திறந்து, சேலை முந்தானை விலகி, அலுத்துப்போய்த் தூங்குகிற ஒரு பெண். பின்னால் நம் வீட்டுச் சுவர், உன் கல்யாணப் போட்டோ. எந்த ஊட்டுலயும் சேர்க்க மாட்டேங்கறாங்கம்மா, பேரைச் சொன்னதும் ஓ அந்தத் தூங்கற பொம்பளையான்னு கேக்கறாங்க என்றாள் மெர்சி. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, எங்கம்மா தூங்கினது தப்புங்களா பாட்டி என்று கேட்டது. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். அடுத்தவர் தூங்கும்போது பார்ப்பதே பாவம், அதைப் படம் பிடித்து ஊருக்குக் காட்ட உனக்கு எப்படி மனசு வந்தது. ஏஜென்சிதான் போட்டார்கள், நான் போடவில்லை என்று சொல்லாதே. கல்லை எடுத்துக் கொடுத்தவன் நீ.

நான் கிளம்பும் முன்னால் மெர்சியிடம், அப்பா கஞ்சி குடிக்கவில்லை, முதுகில் புண் என்று சொன்னேன், அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். உங்களுக்காக இல்லீங்கம்மா, அவருக்காக வாரேனுங்க என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வந்துவிட்டாள். உங்கப்பா அவளைப் பார்த்ததும், எங்கெ போனே, சொல்லாமக் கொள்ளாம என்று திட்டிவிட்டு அழுதார். அவள் வருவதற்கு முன்னாலேயே பட்டறை வேலை பார்க்கிற பக்கத்து வீட்டு யஷ்வந்தைக் கூப்பிட்டுக் கேமராவைக் கழற்றிப்போட்டேன். படம் வரவில்லை என்று நீ ப்ரியாவிடம் கேட்டாயாமே, ரிப்பேர் இல்லை, நான் கழற்றினது. இனி இந்த வீட்டில் அது வராது. எங்களைப் பார்க்க வேண்டும் என்றால் போன் செய், முகத்தைக் காட்டுகிறோம். அதற்கும் மேலே பார்க்க வேண்டும் என்றால் டிக்கெட் எடு.

உங்கப்பா முதுகுப் புண் காய ஆரம்பித்திருக்கிறது. ஆனால் பிரவின், அவள் படுக்க மாட்டேன் என்கிறாள். மத்தியானம் ஜமக்காளத்தை நான் விரித்தால் அவள் மடிக்கிறாள். கேமரா இல்லை பார் என்று சுவரைக் காட்டினேன். தெரியுமுங்கம்மா, இருந்தாலும் வேண்டாமுங்க என்கிறாள். சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ராத்திரியும் முழிப்பு, பகலும் முழிப்பு. நேற்று அடுப்படியில் நின்றவள் தள்ளாடிவிட்டாள், நல்லவேளை நான் பிடித்தேன், கொதிக்கிற ரசம் மேலே கொட்டியிருக்கும். ஏண்டி இப்படிச் செய்யறே, நான் சொல்றேன் படு என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். நீங்க சொல்லுவீங்கம்மா, ஊடு உங்க மகனோடதல்லோ, அவருதானே சம்பளம் போடறாரு, அவரு சொல்லோணுமல்லோ என்றாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நானும் உங்கப்பாவும் இரும்பிலும் நூலிலும் உடம்பைத் தேய்த்துக் கட்டின வீடு, இதில் ஒருத்தியைப் படு என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லையாம். உங்கப்பாவும் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவ கண்ணு மூடாம நானும் மூட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் பிடிவாதம் உனக்குத் தெரியும். மத்தியானத்தில் அவர் கட்டிலில் விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிறார், அவள் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள், நடுவில் நான் ஜமக்காளத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த ஏஜென்சிக்காரர்களைக் கூப்பிட்டு, விசாரிக்காமல் புகார் கொடுத்தது என் தப்பு, என் அம்மா சொல்லித்தான் அவர் படுத்தார் என்று சொல். அதே குரூப்பில் அதை அவர்கள் எழுத வேண்டும், அந்தப் படத்தை எடுக்க வேண்டும். அவர்கள் மழுப்பினால் விடாதே, ஆபீசில் அவ்வளவு பெரிய அறையையே வாதாடி வாங்கினவனுக்கு இது ஒரு வேலையா. அப்புறம் மெர்சிக்குப் போன் செய். எனக்குச் செய்யாதே, என் மூலமாகச் சொல்லி அனுப்பாதே, அவளுக்கே செய். அக்கா என்று கூப்பிடு. அவள் பரவாயில்லீங்க, பரவாயில்லீங்க என்றுதான் சொல்லுவாள், அதை நம்பிக்கொண்டு வைத்துவிடாதே. அவள் மகளிடமும் பேசு, அந்தப் பிள்ளை என்னிடம் கேட்ட கேள்வியை உன்னிடமும் கேட்கும், பதில் சொல். மேடையில் அவ்வளவு அழகாகப் பேசத் தெரிந்த உனக்கு அன்னூரில் இருக்கிற ஒரு பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியாமலா போகும்.

இத்தனை திட்டினாலும் நீ என் வயிற்றில் பிறந்தவன், உன் மேல் ஒரு தூசி படக்கூடாது என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்கிறேன். நவ்யாவுக்கு என் அன்பு, வேலைக்கும் போய்க் குழந்தையையும் பார்க்கிறாளே, ஞாயிற்றுக்கிழமையாவது நீ அடுப்படியில் நின்றுகொண்டு அவளைத் தூங்க விடு. ஹர்ஷிணிக்குக் கன்னத்தில் முத்தம், தூங்கும்போது கால் வெளியே வராமல் போர்த்திவிடு. நல்லவனாக இருந்தாய், நல்லவனாகவே இரு, எல்லா நலனும் கூடி வரட்டும் கண்ணு.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத
உன் அம்மா
ஆ. கருப்பாத்தாள்

பின்குறிப்பு: உனக்குக் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் இங்கே சாப்பாடு முடிந்து உங்கப்பாவுக்கு வாய் துடைத்துவிட்டிருப்பாள். அப்போது கூப்பிடு. சொல்ல வேண்டியதைச் சொல்லி, படுத்துக்கோங்க அக்கா என்று உன் வாயால் சொல்லிவிட்டு உடனே வைத்துவிடு. பேச்சை வளர்க்காதே, அவள் தூங்க வேண்டும்.